எடை ஏறுகிறது, கூடவே அழுகையும் வருகிறதே?

கேள்வி: 19 வயது மகள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். பட்டினி கிடந்து மெலிந்தாள், சாப்பிட்டதை வாந்தியும் எடுத்தாள். வீட்டில் வைத்து ஆறு வாரமாகச் சிகிச்சை, எடை ஏறுகிறது. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், சாப்பிட்டு எழுந்ததும் அழுகிறாள். முன்பு இப்படி இல்லை. சாப்பாட்டைக் குறைக்கலாமா? (ஒரு தாய், களியக்காவிளை)

பதில்: குறைக்காதீர்கள். முன்பு அவள் நிம்மதியாக இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். பட்டினி உணர்ச்சிகளை மரத்துப்போக வைக்கும். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் மனம் லேசாகும். பயம், வெட்கம், கோபம் எல்லாவற்றையும் அவள் இப்படித்தான் அமுக்கி வைத்திருந்தாள். இப்போது மூடி திறந்திருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் திடமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். எரிச்சல், மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு எல்லாம் வந்தன. மறுபடி சாப்பிடத் தொடங்கியும் பலருக்கு உடனே சரியாகவில்லை. புதிதாக மாத்திரை ஆரம்பித்த கையோடு இந்த மாற்றம் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாப்பிட்ட பிறகான ஒரு மணி நேரம்தான் கண்டம். நாலு துண்டு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் தின்றதுமே "வயிறு வெடிக்குது" என்பாள். பொய்யில்லை. பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், உப்புசம் நிஜம். அதோடு பயமும் சேர்ந்துகொள்ள, எது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியாது. அப்போது "ஏன் அழுறே?" என்று குடையாதீர்கள். "பயமா இருக்கா மக்ளே? நான் இங்கதான் இருக்கேன்" போதும். கழிப்பறைக்குச் சாப்பிடும் முன்பே போய்வரட்டும். பிறகு பூ கட்டுவது, சீட்டு என்று கைக்கு வேலை கொடுங்கள். வாந்தி எடுக்கத் தோன்றுவது அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணியும்.

மனம் ஆறிய பிறகு, சாயங்காலம், ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, அந்த உணர்ச்சி உடம்பில் எங்கே தெரிந்தது, அதன் வேகம் பத்துக்கு எத்தனை. சாப்பிட்ட அளவு அதில் வரவே கூடாது. வேளைகளுக்கு நடுவே மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். காய்ந்த வயிறு கோபத்தையும் கூட்டும், வெறித்தனமாகத் தின்னவும் வைக்கும்.

பதற்றம் தணிய ஐஸ் தண்ணீரில் முகம் அமுக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். அது இதயத் துடிப்பை இறக்கும்; மெலிந்தவர்களுக்கு ஏற்கெனவே துடிப்பு குறைந்திருக்கலாம்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், வாந்தியில் ரத்தம்: அன்றைக்கே மருத்துவமனை. சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்று, சொந்தக்காரர்களின் வாய். "நல்லா தேறிட்டியே" என்று மாமி பாசமாகத்தான் சொல்வார், அறைத்தோழி மலையாளத்தில் "தடி வெச்சல்லோ" (குண்டாயிட்டியே) என்பாள். இரண்டும் அவள் காதில் ஒன்றுதான். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: படிப்பைக் கேட்கலாம், உடம்பைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.