விஷ்ஷுக்குப் பின்னால் வில்லா, வுட்டா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மேலதிகாரிக்கு 'ஐ விஷ் யூ வில் அப்ரூவ் மை லீவ்' என்று மெயில் எழுதினேன். பக்கத்து சீட் நண்பர் பார்த்துவிட்டு, 'வில்' தப்பு, 'வுட்' போடு என்கிறார். சரியா?"

இலக்கணப்படி சரி. ஆனால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள்! 'ஐ விஷ் யூ வுட்' என்று தொடங்கினாலே, 'எத்தனை தடவை சொல்வது, செய்தால்தான் என்ன' என்கிற அலுப்பு அதில் ஏறிக்கொள்ளும். ராத்திரியில் சத்தமாகப் பாட்டு கேட்கும் அறைத்தோழரிடம் 'ஐ விஷ் யூ வுட் டர்ன் இட் டவுன்' எனலாம். லீவ் தர வேண்டியவரிடம் வேண்டாம்.

உண்மையில் கோளாறு வில்லில் இல்லை, விஷ்ஷில் இருக்கிறது. 'விஷ் என்றால் விரும்புதல்' என்று மனப்பாடம் செய்ததன் வினை இது. என்னைக் கேட்டால், இந்த இடத்தில் அதற்குப் பொருத்தமான சொல் ஏக்கம். கைக்கு எட்டாததற்கு விஷ், நடக்க வாய்ப்புள்ளதற்கு ஹோப். உங்கள் லீவ் கிடைக்கக்கூடியதுதானே? அப்போது 'ஐ ஹோப் யூ வில் அப்ரூவ் மை லீவ்'. இன்னும் பணிவாக, 'குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் மை லீவ்?'

ஹோப்புக்குப் பின் வில், கேன் தாராளமாக வரும். ஏக்கத்தைச் சொல்லும் விஷ்ஷுக்குப் பின் அவை வுட், குட் என்று மாறிவிடும். இப்போதைய ஏக்கத்துக்கு எதற்கு இறந்தகாலம் என்று தோன்றலாம். தமிழிலும் அதேதான் செய்கிறோம். 'எனக்குச் சிறகு இருந்தால்!' என்பதில், 'இருந்தேன்' என்பதில் வரும் அதே 'இருந்த்' மேல்தான் 'ஆல்' ஏறியிருக்கிறது. பேச்சோ இன்றைக்கானது. 'ஐ விஷ் ஐ குட் ஸ்விம்' என்றால் எனக்கு இப்போது நீந்தத் தெரியாது. நடந்து முடிந்ததற்கு 'ஐ விஷ் ஐ குட் ஹேவ் கம்': வர முடியாமல் போய்விட்டதே!

வுட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அது அடுத்தவர் மனசு வைக்க வேண்டியதைச் சொல்வது. அதனால் 'ஐ விஷ் ஐ வுட்' என்று பொதுவாகச் சொல்வதில்லை, குட்தான். 'ஐ விஷ் ஹி வுட் நோ' என்பதும் ஒட்டாது. தெரிந்திருப்பது மனசு வைத்துச் செய்யும் காரியம் இல்லையே. 'ஐ விஷ் ஹி நியூ' போதும். மழைக்கு மட்டும் விதிவிலக்கு மாதிரி, 'ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெய்னிங்' என்பார்கள். அடம்பிடிக்கும் ஆளாகவே அதை நினைத்துக்கொள்கிறார்கள் போல.

அப்புறம், வாழ்த்து. 'ஐ விஷ் யூ எ ஹேப்பி பர்த்டே' சரி, அங்கே வினைச்சொல்லே பின்னால் வரவில்லை. உடம்பு சரியில்லாதவருக்கு 'ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்' என்று எழுதாதீர்கள். 'ஐ ஹோப் யூ கெட் வெல் சூன்' என்றே எழுதுங்கள்.