பணம் வாங்கிக்கொண்டு 'ஹோமில்' சேர்க்கிறேன் என்பவரை நம்பலாமா?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் மூன்று வாரமாக ஒரு அம்மா படுத்திருக்கிறார். தனக்குத்தானே பேசுகிறார், சாப்பாட்டைத் தொடுவதில்லை, காலில் சீழ்ப்புண். ஸ்டேஷனில் சொன்னால், "சொந்தக்காரங்க யாரு, ஆதார் இருக்கா" என்கிறார்கள். 15,000 ரூபாய் கொடுத்தால் ஹோமில் சேர்ப்பதாக ஒருவர் சொல்கிறார். தெருவில் வசூல் செய்து கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படி வேன் கொண்டுவந்து ஏற்றிப்போனவர்களைப் பக்கத்து மாவட்ட பஸ் ஸ்டாண்டில் நானே திரும்பப் பார்த்திருக்கிறேன். சிலரை மொட்டையடித்துக் கட்டிப்போடுகிறார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 நோயாளிகள் எரிந்துபோனதை மறக்க முடியுமா? அந்த ஹோமுக்கு மாநில மனநல ஆணையம் கொடுத்த பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஆள் மறுபடி உங்கள் தெருப்பக்கம் வரமாட்டார்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி வீடற்றவருக்கு அரசு மனநல சிகிச்சை இலவசம், வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும். அதே சட்டத்தின் 100வது பிரிவு, இப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை என்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. சொந்தக்காரர் யாரென்று தேடுவதும் அவர்கள் வேலைதான். அதைப் போய் உங்களிடம் கேட்கிறார்களே! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பிரிவு எண்ணை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அசையவில்லையென்றால் தெருவில் ஆதரவின்றி இருப்பவர்களை மீட்கும் சென்னை போலீஸின் 'காவல் கரங்கள்' பிரிவுக்குச் சொல்லுங்கள். ஆனால் புண் காத்திருக்காது. இன்றைக்கே 108ஐக் கூப்பிடுங்கள், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அப்புறம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தெருவில் இருப்பதே மனநோய் ஆகிவிடாது. மனநோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, அதனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்தோ இருந்தால்தான் போலீஸ் இப்படி அழைத்துப்போகலாம். குளித்து, சாப்பிட்டு, "நான் இங்கேயே இருக்கேம்மா" என்று தெளிவாகச் சொல்பவரை, தெரு அசிங்கமாகத் தெரிகிறது என்பதற்காக வேனில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. அழுக்குப் புடவையும் சடைமுடியும் அதற்குக் காரணம் ஆகாது. நீங்கள் சொல்லும் அம்மாவின் நிலை வேறு. சாப்பிடவில்லை, புண்ணையும் கவனிக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைக் கூட்டமாகச் சூழ வேண்டாம். ஒரு பெண் மட்டும் டீ கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளி உட்காரட்டும். அவர் வாயில் வரும் ஊர்ப் பெயர், பிள்ளை பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸில் அந்தப் பெண்ணே கூடப் போய், அந்தத் தாளை வார்டு நர்ஸிடம் கொடுக்கட்டும்.