காவல் நிலையத்தில் சொன்னது ஏன் நீதிமன்றத்தில் செல்லாது?

கேள்வி: ஒரு கொலை வழக்கில் கைதானவர், "நான்தான் செய்தேன்" என்று காவல்துறையிடம் ஒப்புக்கொண்டதாக நாளிதழ்களில் படித்தோம். சில ஆண்டுகள் கழித்து அதே நபரை நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவரை விடுவிப்பது நியாயமா?
— வாசகர், மதுரை

பதில்: நாளிதழில் நீங்கள் படித்த அந்த ஒப்புதல் வாக்குமூலம், நீதிபதியின் முன் சாட்சியமாக வந்திருக்கவே முடியாது. காவல்துறை அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்த பிறகும், 23-ஆவது பிரிவாக அது அப்படியே தொடர்கிறது. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட்டின் நேரடி முன்னிலையில் சொன்னதாக இருந்தாலன்றி, அதுவும் செல்லாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுவதாக எழுந்த புகார்களை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று அந்த அறிக்கை உறுதி செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தத் தடை இடம்பெற்று, பின்னர் சாட்சியச் சட்டத்துக்கு மாறியது. ஆட்சி செய்தவர்களே தங்கள் காவலர்கள் பெறும் வாக்குமூலத்தை நம்ப மறுத்தார்கள் என்றால், அடைத்த கதவுகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றுதான் பொருள். இன்றைய காவல்துறை மாறிவிட்டதால் இந்த விதி தேவையில்லை என்போரும் உண்டு. 2020-இல் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்ததைக் கண்ட நம்மால் அவ்வாறு சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாக இட்டுச்சென்ற பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம். "வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் தருகிறேன், அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதை முதல் பகுதி காட்டுகிறது, அது ஏற்கப்படும். குத்தியதைப் பற்றிய இரண்டாவது பகுதியை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை மாகாணத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற புலுகுரி கோட்டய்யா வழக்கில் 1946-இல், அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த இந்த எல்லைக்கோட்டைத்தான் இன்றும் நம் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன.

ஒருவர் உண்மையிலேயே மனமுவந்து ஒப்புக்கொள்ள விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. மாஜிஸ்திரேட் அவரிடம், ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், ஒப்புக்கொண்டால் அது அவருக்கு எதிராகவே பயன்படலாம் என்பதையும் முதலில் விளக்கிச் சொல்லி, அதன் பிறகே பதிவு செய்ய வேண்டும். நீங்கள் குறிப்பிடும் வழக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், அரசுத் தரப்பு மற்ற சாட்சியங்களைக் கொண்டே குற்றத்தை நிரூபித்திருக்க வேண்டும். அது முடியாமல் போனதற்கு நீதிபதியைக் குறை சொல்வது சரியல்ல.

கேள்வி: நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். பத்திரம் எதுவும் எழுதவில்லை. ஆனால் "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியதும், குரல் பதிவாக அனுப்பியதும் என் செல்பேசியில் இருக்கின்றன. நீதிமன்றம் இவற்றை ஏற்குமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஏற்கும், ஆனால் திரைப்பிடிப்பைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அச்சுப்படி என்பது மின்னணுப் பதிவின் நகல்தான். நகலைத் தாக்கல் செய்வதானால் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் உடன் வர வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று வழக்கறிஞர்கள் வாய்க்கு வாய் சொன்ன பிரிவு இதுதான். புதிய சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உள்ளன: முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும், இரண்டாவதை ஒரு வல்லுநரும் நிரப்ப வேண்டும். பதிவு இடையில் திருத்தப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் 'ஹாஷ்' மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும்.

இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும், கருவி வேறொருவர் கையில் இருந்து அவர் சான்றிதழ் தர மறுத்தால் நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டுப் பெறலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆகவே அந்தச் செல்பேசியை விற்றுவிடாதீர்கள், பழுது பார்க்கக் கொடுத்து உள்ளிருப்பதை அழிய விடாதீர்கள், உரையாடலின் ஒரு வரியைக்கூட நீக்காதீர்கள். உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்திருந்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எண் அவருடையது, குரல் அவருடையது என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அந்தக் கணக்கு விவரம் பெரும் துணையாக இருக்கும். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரு வழக்கறிஞரை விரைவில் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சாட்சியை நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியுமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியும். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் எந்த எண்ணிக்கையையும் நிர்ணயிக்கவில்லை. வடிவேலு தேவர் வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை முழுமையாக நம்பத்தக்கவர், அறவே நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என மூவகையாகப் பிரித்து, மூன்றாம் வகையினருக்கு மட்டும் வேறு ஆதாரத்தின் துணை தேவை என்றது.

கேள்வி: இறக்கும் தறுவாயில் ஒருவர் சொன்னதை அவரைக் குறுக்கு விசாரணை செய்யாமலேயே எப்படி நம்புகிறார்கள்?
— வாசகி, சேலம்

பதில்: பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாக ஏற்பதில்லை என்ற பொது விதிக்கு மரண வாக்குமூலம் ஒரு விலக்கு. சொன்னவர் இப்போது இல்லை. அவர் வார்த்தையையும் ஒதுக்கினால் நடந்ததைச் சொல்ல வேறு யாரும் இல்லாமல் போகலாம். சொல்லும்போது சாவு நெருங்கிவிட்டது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலேயச் சட்டம் எதிர்பார்த்தது. இந்தியச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை; தம் இறப்பின் காரணத்தையோ அதற்கு இட்டுச்சென்ற சூழ்நிலையையோ அவர் சொல்லியிருந்தால் போதும். மாஜிஸ்திரேட்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருத்துவரின் சான்று இல்லாத ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்கக் கூடாது என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் சொன்னவர் தெளிந்த மனநிலையில் இருந்தாரா, அருகில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்களா, ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் இருந்தால் அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பதையெல்லாம் நீதிபதி துருவிப் பார்ப்பார். குறுக்கு விசாரணைக்கு அவர் வர இயலாததால், அந்தக் கேள்விகளைக் கேட்கும் பொறுப்பு நீதிபதி மீதே விழுகிறது.