71 மதிப்பெண்ணில் கடைக்காரர் எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 46 வயது. சில வருடங்களாகக் கை, உதடு, கண்ணைச் சுற்றி வெண்புள்ளிகள். தூக்கம் வரவில்லை என்று ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம். சமூகப் பதற்றத்தை அளப்பதற்கு 24 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். 71 வந்தது. அதிகம்தான், சிகிச்சை வேண்டும் என்றார். இவரோ, "மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேஜையில் வைக்கிறார். பதற்றம் எனக்கா, அவருக்கா?" என்கிறார். அந்த 71-ஐ நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது?

வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

24 கேள்விகள் என்பதால் அது லீபோவிட்ஸ் அளவுகோலாக இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-இல் வெளியிட்டது. பொது இடத்தில் சாப்பிடுவது, பிறர் பார்க்க எழுதுவது போன்ற சூழல்களைச் சொல்லி, எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று இரண்டுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். மொத்தம் 144. 60-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியதுதான். (முன்பின் தெரியாதவரிடம் காதல் நோக்கில் பேச்சுக் கொடுப்பது பற்றியும் அதில் ஒரு கேள்வி உண்டு. உங்கள் கணவர் என்ன போட்டார் என்று கேட்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.)

கணவர் கேட்டது சரியான கேள்வி. இந்த மாதிரித் தாள்கள், ஊர் நம்மை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, பயப்படுபவர்தான் பெரிதாக நினைத்துக்கொள்கிறார் என்ற அனுமானத்தில் உருவானவை. வெண்புள்ளி உள்ளவரை ஊர் நிஜமாகவே பார்க்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறார். 71-இல் உங்கள் கணவரின் பயம் எவ்வளவு, கடைக்காரரின் பங்கு எவ்வளவு என்று அந்தத் தாள் பிரித்துச் சொல்லாது. 17 கேள்விகள் கொண்ட இன்னொரு தாள், பிறர் முன்னால் நடுங்குவது உங்களுக்கு வேதனை தருகிறதா என்று கேட்கிறது. பார்க்கின்சன் நோயாளியிடம் அதை நீட்டினால் அவர் என்ன சொல்வார்? அவருக்குப் பயம் இல்லாதபோதும் கை நடுங்கத்தான் செய்யும்.

இந்தத் தாள்களில் இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கல்யாணத்துக்குப் போவதைத் தவிர்ப்பீர்களா என்று உங்கள் கணவரைக் கேட்டால், 'இல்லை, எல்லாக் கல்யாணத்துக்கும் போவேன்' என்பார். உண்மைதான். ஆனால் எப்படிப் போகிறார்? அக்னி நட்சத்திர வெயிலில் முழுக்கைச் சட்டை. கூட்டம் கூடியபிறகு உள்ளே நுழைவது, கடைசி வரிசையில் தூணோரமாக ஒரு நாற்காலி. மொய் எழுதிய கையோடு, பந்திக்கு உட்காராமல், 'வேலை இருக்கு' என்று கிளம்பிவிடுவது. குரூப் போட்டோவுக்குக் கூப்பிடும்போது போன் வந்துவிடும். தாளில் இதற்குத் தவிர்ப்பு 0. இப்படி ஒளிந்து ஒளிந்து வாழ்வதில் கரையும் தெம்பை எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்க முடியாது. அவருக்கு உண்மையில் 71-க்கு மேலேயும் இருக்கலாம்.

அதனால் 'ஊருக்குத்தான் பிரச்சினை' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படி விட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின்படி, பயம் ஓர் உடல்நோயைப் பற்றியதாக இருந்தால் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்று எழுதக் கூடாது. காரணம் நியாயமானது என்பதற்காக வேதனை கணக்கில் வரவில்லை. 2013 பதிப்பில் மாற்றினார்கள்: பார்க்கின்சன், உடல் பருமன், தீக்காயத் தழும்பு போன்றவை இருந்தாலும், பயம் அளவுக்கு மீறினால் கோளாறுதான். நல்ல மாற்றம். ஆனால் 'அளவுக்கு மீறி' என்பதை முடிவுசெய்பவர் பெரும்பாலும் யாரும் உற்றுப் பார்க்காத முகம் கொண்டவர்.

ஆகவே ஆலோசகரிடம் திரும்பப் போங்கள். போகும்முன் ஒரு வாரம் கணவர் ஒரு நோட்டில் இரண்டு பத்தி எழுதட்டும்: நிஜமாக நடந்தது ஒன்றில், நடக்கும் என்று பயந்தது இன்னொன்றில். கடைக்காரர் சில்லறை வைத்தது முதல் பத்தி. அதற்காக அந்தத் தெருவையே விட்டுவிட்டால் இரண்டாவது பத்தி. சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அங்கே தெரியும். தோல் நோய்க்கென்றே 1994-இல் வந்த 10 கேள்வித் தாள் ஒன்றும் உண்டு, உடை, வெளியே போவது, வேலை என்று கேட்கும். ஆலோசகர் அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

'யாரும் உங்களைப் பார்ப்பதில்லை, போய்ச் சோதித்துப் பாருங்கள்' என்ற வழக்கமான பயிற்சி மட்டும் இவருக்கு வேண்டாம். சோதித்தால் பார்க்கிறார்கள் என்றுதான் தெரியவரும். பிரிட்டனில், கார் விபத்தில் முகம் வெந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992-இல் தொடங்கிய 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பு, யாராவது உற்றுப் பார்த்தால் என்ன சொல்வது, பேச்சை எப்படி மாற்றுவது என்பதையே பயிற்சியாகக் கொடுத்தது. கணவருக்கும் ஒரு வரி போதும்: "இது ஒட்டாதுங்க, தோலில் நிறம் தருகிற செல் அழிவதால் வருவது." முதலில் உங்களிடம் சொல்லிப் பழகட்டும், அப்புறம் கடைக்காரரிடம். சொல்லிவிட்டு, சில்லறைக்குக் கையை நீட்டியபடியே நிற்கட்டும்.