முகத்துக்கு மட்டும் வண்ணம் தீட்ட முடியவில்லை

வணக்கம் அம்மா,

எனக்கு 41 வயது. சென்னையில் வேலை. மனைவி, ஒன்பது வயது மகன். ராணுவ மினியேச்சர் சேர்த்து வண்ணம் தீட்டுவது பன்னிரண்டு வருடமாக என் பொழுதுபோக்கு. 1:72 அளவில் ஒரு வீரன் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டான். 1:35 என்றால் ஐந்து சென்டிமீட்டர். எல்லாம் இரண்டாம் உலகப் போர்தான். ஏறக்குறைய அறுநூறு உருவங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

இதெல்லாம் என் தாத்தாவால் வந்தது. அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1940-ல் பெங்களூரில் சேர்ந்து, வட ஆப்பிரிக்கா போய், பிறகு இத்தாலி போய், 1946-ல் ஊர் திரும்பினார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது இறந்துவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் பதக்கங்கள், டிஸ்சார்ஜ் புத்தகம், தலையில் டூப்டா என்ற அந்தப் படையின் தலையணியை வைத்து எடுத்த ஒரு ஸ்டூடியோ போட்டோ, எல்லாம் இருந்தன. நான்காவது இந்திய டிவிஷன், 12-வது ஃபீல்டு கம்பெனி. 1944-ல் இத்தாலியில் மான்டே காசினோவில் சண்டை போட்ட டிவிஷன் அது. அங்கே சாப்பர்களின் வேலை மலையில் பாதை வெட்டுவது, பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது. ஜெர்மன்காரன் மரப்பெட்டியில் வைத்த கண்ணிவெடியை டிடெக்டர் சரியாகக் காட்டாது. அப்போது குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாகப் பிடித்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதே மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரியில் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணி மேலேயே விழுந்து உயிரை விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். என் தாத்தாவுக்கு அவரைத் தெரிந்திருக்குமா என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

போன வருடம் தாத்தாவின் கம்பெனியை ஒரு டயோரமாவாக, அதாவது உருவங்களை வைத்த சின்னக் காட்சியாகச் செய்ய ஆரம்பித்தேன். கடையில் கிடைப்பதெல்லாம் ஜெர்மன், அமெரிக்க, ஆங்கிலேய வீரர்கள்தான். நம் ஆட்களை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். எம்-சீல் வைத்து மூக்கு, மீசை எல்லாம் மாற்றினேன். ஒருவன் டிடெக்டரோடு குனிந்து நிற்கிறான். அவன்தான் தாத்தா. உடுப்பு, பூட்ஸ், கை எல்லாம் முடிந்துவிட்டது. முகத்துக்கு மட்டும் வண்ணம் வைக்க முடியவில்லை. தலை ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. ஐந்து தடவை தீட்டி ஐந்து தடவையும் அழித்துவிட்டேன்.

அப்பாவுக்கு 73 வயது. வேலூர் பக்கம் எங்கள் கிராமத்தில் இருக்கிறார். அம்மா இல்லை. பொங்கலுக்கு வந்தபோது மேஜையில் இதைப் பார்த்தார். கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். "இந்த ஆளை எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். மூன்று மாதமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

தாத்தா அப்பாவை அடிப்பார் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை அப்பா சொன்னார்: வரப்பில் அவருக்கு முன்னால் ஓடினால் அடி, புதிதாகக் கொத்திப் போட்ட மண்ணை மிதித்தால் அடி. பிள்ளைகள் பின்னால்தான் வர வேண்டும், அவர் கைத்தடியால் தட்டித் தட்டி முன்னால் போவாராம். ஊரே சிரிக்குமாம். என்னிடம் அவர் அப்படி இல்லை. மடியில் உட்காரவைத்துப் பதக்கத்தின் ரிப்பனைத் தடவிப் பார்க்கச் சொல்வார்.

மச்சான், "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவருக்குச் சிலை வைக்கிறியா?" என்கிறார். மகன், "கொள்ளுத்தாத்தா எத்தனை பேரைச் சுட்டார்?" என்று கேட்கிறான். மனைவி செலவைக் கேட்கிறாள். அப்பாவின் தங்கை, என் அத்தை மட்டும் போட்டோ அனுப்பச் சொன்னார்.

நான் செய்வது தவறா அம்மா? எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூட்டை கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கூடவே வைத்திருந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் காட்ட வேண்டும். கத்தியால் மண்ணைக் குத்திக்கொண்டு போகிற சாப்பரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி, கைத்தடியால் வரப்பைத் தட்டிக்கொண்டு போகிற தாத்தாவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. புதிதாகக் கிளறிய மண் என்றால் ஒரு சாப்பருக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மண்ணில் தன் பையன் ஓடுவதைப் பார்த்த மனிதனுக்குள் என்ன நடந்திருக்கும்? இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் போர் முடிந்து வந்தவரின் உடம்பு, போர் முடிந்ததை நம்பாமலே வருடக்கணக்கில் வாழ்வது உண்டு. இதற்கு மருத்துவத்தில் இன்று இருக்கும் பெயர் PTSD. அது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். உங்கள் தாத்தா ஊருக்கு வந்தது 1946. நடுவில் இருந்த அந்த 34 வருடங்களில்தான் உங்கள் அப்பா குழந்தையாக இருந்து, அடி வாங்கி, வளர்ந்து ஆளானார். ஊர் சிரித்தது. விளக்கிச் சொல்ல யாரும் இல்லை.

இதைப் படித்ததும் அப்பாவுக்கு போன் போட்டு, "தாத்தா அடித்ததற்குக் காரணம் இதுதான்பா" என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். காரணம் தெரிந்தாலும் அடி அடிதான். அறுபது வருடம் சுமந்த ஒன்றை, பத்துக் கட்டுரை படித்த மகன் ஒரு வாக்கியத்தில் தீர்த்துவைத்தால் அவருக்கு அது இன்னொரு அடியாகத்தான் விழும். "அப்போ எல்லாரும் அவர் பக்கம்தானா?" என்றுதான் அவர் மனசு கேட்கும்.

பொங்கலன்று அவர் பார்த்தது பொம்மையை இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் குனிவைப் பார்த்திருக்கிறார். நீங்கள் அவ்வளவு சரியாகச் செய்துவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைத்த தாத்தா மடியில் உட்காரவைத்தவர், அவருக்குக் கிடைத்த அப்பா தடியோடு முன்னால் போனவர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான், இருவருக்கும் கிடைத்ததும் உண்மைதான். உங்களுக்கு முகம் வராததற்கும் இதில் பங்கு இருக்கலாம். உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த பாதியை விட்டுவிட்டு அந்த முகத்தைத் தீட்டப் பார்க்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அந்த உருவத்தை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வையுங்கள். எறிய வேண்டாம், மேஜையிலும் வேண்டாம். அப்புறம் பையன், மனைவி யாரும் இல்லாமல் தனியாக ஊருக்குப் போங்கள். "அன்றைக்கு உங்களைக் கேட்காமல் வைத்துவிட்டேன் அப்பா, உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். தாத்தாவுக்காக வாதாட வேண்டாம். காசினோவைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் திட்டினால் கேளுங்கள். பேசாமல் இருந்தால் கூட இருந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த மாதமும் போங்கள். கேட்பதானால் அவரைப் பற்றிக் கேளுங்கள். சின்ன வயதில் எங்கே ஓடுவார், யார் கூட விளையாடுவார், அடி விழுந்த அன்றைக்கு யார் சோறு ஊட்டினார்கள். என்னிடம் வரும் முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் பலரிடம், இதையெல்லாம் வாழ்நாளில் யாரும் கேட்டதே இல்லை.

அத்தை போட்டோ கேட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அண்ணன் முகம் திருப்பிக்கொண்ட இடத்தில் தங்கை கை நீட்டுகிறார். அவர் பார்த்த அப்பா வேறு மாதிரி இருந்திருக்கலாம், அல்லது அவருக்கும் சொல்ல ஏதோ இருக்கலாம். நேரில் போய் உட்காருங்கள். தகரப் பெட்டியையும் எடுத்துப் போங்கள்.

மகனுடைய கேள்விக்கு உண்மையையே சொல்லுங்கள். "தெரியாது கண்ணா. ஆனா அவரோட வேலை மத்தவங்க நடக்கிறதுக்கு வழி செய்யறது, மண்ணுக்குள்ள இருக்கிற வெடியை எடுக்கிறது." போரில் செத்தவர்களைப் பற்றியும், திரும்பி வந்தும் நிம்மதி இல்லாமல் இருந்தவர்களைப் பற்றியும் வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். வண்ணம் தீட்டிய வீரர்களை மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பேச்சு கட்டாயம் வேண்டும்.

உங்கள் மச்சானின் கேள்வியைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பஞ்சம், கடன், சம்பளம், ஊரில் நாலு பேர் போனார்கள் என்ற துணை, இப்படி ஆளுக்கொரு காரணம். யாருக்காகச் சண்டை போட்டோம் என்ற கேள்வி அவர்களில் பலருக்கே இருந்தது. உங்கள் தாத்தாவுக்கு இருந்ததா என்று அத்தைக்குத் தெரிந்திருக்கலாம்.

செலவு விஷயத்தில் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சேர்ப்பது நோய் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் பெட்டி பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த ராத்திரியில் வாங்கினீர்கள் என்று ஆர்டர் தேதிகளை எடுத்துப் பாருங்கள். அப்பாவோடு மனஸ்தாபம் வந்த நாட்களாக இருந்தால், அந்தத் தேதிகளை மனைவியிடமும் காட்டுங்கள். இருக்கிற முந்நூறு பெட்டியைப் பிரித்து முடிக்கும்வரை புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

முகத்துக்கு அவசரம் இல்லை. அத்தையைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள். தூக்கம் கெட்டுப்போய் வேலை பாதிக்கிற அளவுக்கு இருந்தால் மட்டும், காத்திருக்காமல் உங்கள் ஊரிலேயே ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்