எஸ்டேட் வீட்டில் டாக்டரின் வீடியோ பாதியில் அறுந்தால்

அம்மா டாக்டருடன் பேசும் வீடியோ அறுந்துபோகிறது, புது ரூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அம்மாவின் கைப்பேசியில், சிம் அமைப்புக்குள் போய் வோல்ட்இ-யை (VoLTE, குரல் அழைப்பையும் 4ஜியிலேயே கொண்டுபோகும் வசதி) ஆன் செய்யுங்கள்.

வாட்ஸ்அப் ஓடுகிறது, கிளினிக் வீடியோ மட்டும் யாராவது போன் பண்ணினால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். வில்லன் அந்த அழைப்புதான். மலேசியாவில் 3ஜி 2021 கடைசியோடு மூடப்பட்டது. வோல்ட்இ இல்லாத போன், மணி அடித்ததும் 4ஜியிலிருந்து நேராக 2ஜிக்கு இறங்கும். வீடியோ அங்கேயே உறைந்துவிடும்.

சோதிக்க: வைஃபையை அணைத்து, அஞ்சடியில், அதாவது வீட்டு முன்நடையில், நின்று (தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் பெரும்பாலும் ஒரு படி குறைவு) இன்னொரு போனிலிருந்து அழையுங்கள். திரையின் மேலே 4ஜி போய் ‘இ’ (E) அல்லது 2ஜி வந்தால் அதேதான்.

பழைய போனில் வோல்ட்இ அமைப்பே இல்லாமல் இருக்கலாம். அப்போது உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அம்மாவின் போனை அதில் இணையுங்கள். உங்கள் போனில் வோல்ட்இ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே கதைதான்.

ஒன்று மட்டும்: அம்மா இனிப்பு நீர்க்காரர் (நீரிழிவு உள்ளவர்) என்று எழுதியிருக்கிறீர்கள். காலில் புண், நிறமாற்றம், மரத்துப்போதல் இருந்தால் மங்கலான வீடியோவை நம்பாமல் நேரில் காட்டுங்கள். காலைத் தொட்டுப் பார்க்காமல் நாடித் துடிப்பு தெரியாது.