மீட்டர் முள் காட்டுவது நிஜ வேகமா? சேலத்துக் கார்க்காரர்களுக்கு ஒரு கேள்வி பதில்

கார் மீட்டர் வேலை செய்கிறவன் என்பதால் ஸ்பீடோமீட்டர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பல கேள்விகள் ஒரே மாதிரி இருந்தன, அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அண்ணா, புது வண்டி. மீட்டரில் 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ்ஸில் 76தான் வருது. ஷோரூமில் கேட்டா எல்லா வண்டியும் அப்படித்தான்னு அனுப்பிட்டாங்க. ஏமாத்துறாங்களா?

இல்லைங்க, அவர்கள் சொன்னது சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மீட்டரை வேண்டுமென்றேதான் கொஞ்சம் கூட்டிக் காட்ட வைக்கிறார்கள். ஐ.நா. வாகன விதிகளில் 39ஆவது விதி இதற்கானது. நிஜ வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதன்மேல் 4 கி.மீ., அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் நிஜமாக 80ல் போகிற வண்டியில் முள் 80க்கும் 92க்கும் நடுவில் எங்கே நின்றாலும் பாஸ். ஒரே வண்டியில் டயர் புதிதாக இருக்கும்போது ஒரு கணக்கு, தேய்ந்த பிறகு வேறு கணக்கு, இதில் எந்த நிலையிலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்றால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் மேலே தள்ளி வைப்பதைத் தவிர வழியில்லை. உங்களுக்கு 4 கி.மீ. வித்தியாசம், நல்ல மீட்டர்தான். அந்த 4 கி.மீ. நமக்குச் சேர வேண்டியது என்று மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

ஓமலூரிலிருந்து: அப்போ ஜிபிஎஸ் காட்டுறதுதான் நிஜமா சார்?

நேரான ரோடு, ஒரே சீரான வேகம், தலைக்கு மேலே திறந்த வானம் என்றால் நம்பலாம். ஏற்காடு ரோட்டில் நம்பாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, மரக்கூட்டம், நிமிடத்துக்கு நாலு தடவை வேகம் மாறுகிறது. போன் ஒன்றிரண்டு நொடி பின்தங்கித்தான் காட்டும், நீங்கள் வளைவில் பிரேக் போட்டு முடித்த பிறகும் பழைய வேகமே நிற்கும். ஏற்றத்தால் கணக்கு தப்பும் என்று சிலர் சொல்கிறார்கள், 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற சரிவில்கூட அந்த வித்தியாசம் நூற்றுக்கு அரை வராது, அதை விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது கிலோமீட்டர் கல்தான். ஓமலூர் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் போக்குவரத்து குறைவான நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்துவிட்டு, மீட்டரில் 80ஐப் பிடித்துக்கொண்டு 5 கி.மீ. போங்கள். 3 நிமிடம் 45 நொடி ஆனால் நிஜமாகவே 80. 3 நிமிடம் 56 நொடி ஆனால் 76. ஒரே ஒரு கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், பட்டனை ஒரு நொடி தாமதமாக அழுத்தினாலே 2 சதவீதம் தப்பிவிடும். 5 கி.மீ.யில் அதே ஒரு நொடி அரை சதவீதம்கூட இல்லை.

சூரமங்கலத்திலிருந்து: 165/80 ஆர்14 டயரை எடுத்துட்டு 15 இஞ்ச் அலாய் போடலாம்னு இருக்கேன். மீட்டர் தப்பாகுமா?

இதைப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. வீல் அளவைப் பார்க்காதீர்கள், டயரோடு சேர்த்து மொத்த விட்டத்தைப் பாருங்கள். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் இஞ்சில் வீல் அளவு. 165/80 ஆர்14 விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5, மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. கடைக்காரர் 'இன்னும் கொஞ்சம் அகலமாப் போடுங்க, கெத்தா இருக்கும்' என்று 205/65 ஆர்15ஐ எடுத்து வைப்பார். அது 647 மி.மீ., நாலரை சதவீதம் பெரிது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன்பைவிட அதிக தூரம் போகும், ஆனால் மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், தூரம் தெரியாது. கம்பெனி கூட்டி வைத்த அந்தக் கொஞ்சமும் அங்கேயே போய்விடும். இன்னும் பெரிய டயர் என்றால் மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 83ல் இருப்பீர்கள், அதுதான் ஆபத்து. 2 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து.

தேய்ந்த டயர் இதற்கு நேர்மாறு. டயரின் மேல்பக்கம் ரோட்டைத் தொடும் 8 மி.மீ. பட்டன் தேய்ந்து 1.6க்கு வந்தால் விட்டத்தில் 13 மி.மீ. குறைகிறது, மீட்டர் இன்னும் 2 சதவீதம் கூட்டிக் காட்டும். காற்றுக் குறைவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரேடியல் டயரில் அதனால் பெரிய மாற்றம் வராது.

கொண்டலாம்பட்டியிலிருந்து: மீட்டரில் 78தான் இருந்துச்சு, 84ன்னு சலான் வந்திருக்கு. மெஷின் தப்புதானே?

டயர் மாற்றியிருக்கிறீர்களா, அதை முதலில் சொல்லுங்கள். கம்பெனி டயர் என்றால் மீட்டர் 78 காட்டும்போது நிஜ வேகம் 78க்குக் கீழேதான் இருந்திருக்கும், சலானை எதிர்த்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று, வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன் ரோட்டோரம் சாய்வாக நின்று பார்க்கும்போது குறைத்துத்தான் காட்டும். 10 டிகிரி சாய்வுக்கு ஒன்றரை சதவீதம் குறையும். அதனால் கோணத்தைக் காரணம் சொல்லி வாதாடாதீர்கள், எடுபடாது. படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, நேரம் சரியா என்று பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட் ரோட்டில் மழைக்கு ஜீப் சேத்தில் மாட்டிக்கிட்டா மீட்டர் 40 காட்டுது, வண்டி நகரவே இல்லை. மீட்டர் போச்சா?

மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்கள்தான் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் மீட்டருக்குக் கணக்கு கியர்பாக்ஸ் பக்கமிருந்து போகிறது. பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒன்று நின்று ஒன்று மட்டும் சுழன்றால், டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பங்கிடும் கியர்) அந்த ஒன்றை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். முள் 40ல் இருக்கிறது என்றால் சேற்றில் இருக்கும் டயர் 80 வேகத்தில் சுழல்கிறது. 60 வரை மிதித்தால் 120. டயர் சூடேறி வெடிக்கும், பின்னால் நின்று தள்ளுகிற ஆளுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். கல்லோ சாக்கோ போட்டு, மெதுவாக எடுங்கள்.

டாக்சி ஓட்டும் நண்பர்: கவர்னர் 80ன்னு செட் பண்ணியிருக்கு, முள் 84 வரை போகுதே?

கவர்னர், அதாவது வேகத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத கருவி, நிஜ வேகத்தில் கட்டுகிறது, முள் கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன.

மெய்யனூரிலிருந்து: மீட்டர் கூட்டிக் காட்டினா நான் கணக்குப் போடுற மைலேஜும் பொய்யா?

இல்லை. கூட்டுவது வேக முள்ளுக்கு மட்டும்தான், ஓடிய கிலோமீட்டருக்கு அந்தக் கூட்டல் கிடையாது. டயர் அளவு மாறினால் மட்டும் இரண்டுமே மாறும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: அப்பாவோட அம்பாசிடர். முள் 40க்கும் 60க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கு.

கேபிள் மீட்டர்! ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே 1902ல் காப்புரிமை வாங்கிய முறை அது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும், அதைத் தொடாமல் மேலே ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும், காந்தம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப கிண்ணம் இழுபடும், முடி போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னால் பிடிக்கும். முள் ஆடினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம்: உள் கம்பி காய்ந்து, எங்கேயோ மடிந்து, முறுக்கிக்கொண்டு விட்டு விட்டுச் சுற்றுகிறது. உள் கம்பியை உருவித் துடைத்து, கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். மீட்டர் பக்க முனையில் தடவ வேண்டாம், உள்ளே ஏறினால் கிண்ணம் ஒட்டிக்கொள்ளும். கேபிள் போகிற வழியில் கூர்மையான வளைவு இல்லாமல் பாருங்கள். அப்புறம், இந்த வயது மீட்டரில் காந்தம் பலம் குறைந்திருந்தால் முள் நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் ஆட்டம் நின்றதும் கிலோமீட்டர் கல்லில் ஒரு முறை சரிபாருங்கள். குறைத்துக் காட்டினால் மீட்டரைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், காந்தத்தைப் பார்த்துவிடலாம்.